காத்து மிஷினுக்கும் ஆயுத பூஜை

அன்றைக்குத் தொட்டிக்கரையில் நின்றது ஐந்து பேர். நான், மேனேஜர், கடம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற லேப் பிள்ளை, கோழி வெட்டுகிற தளத்தைக் கழுவிவிடுகிற அக்கா, எங்கள் வேலியை ஒட்டிக் காடு வைத்து வெள்ளாமை பண்ணுகிற சம்சாரி. ஆறாவதாக ஒருத்தரும் இல்லை. அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் ஒவ்வொருவர் முகத்தையும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். தப்பு யார் செய்தது என்று அந்த ஐந்து பேரில் ஒருவனுக்குத்தான் தெரியும். அது நான்.

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் கோழிக் கம்பெனி. என் வேலை கோழியோடு இல்லை, கோழியைக் கழுவின தண்ணீரோடு. ரத்தமும் கொழுப்புமாகச் சிவப்பாக வரும். சல்லடையில் இறகு தங்கிவிடும். அடுத்த தொட்டியில் கொழுப்பு மிதக்கும், அதை வழித்து எடுப்பேன். மிச்சத் தண்ணீர் பெரிய தொட்டிக்குப் போகும். அங்கேதான் பூச்சி இருக்கிறது. லேப் பிள்ளை அதை பாக்டீரியா என்று சொல்லும், எனக்குப் பூச்சி. அழுக்கையெல்லாம் அதுதான் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கிறது. அது உயிரோடு இருக்க வேண்டுமென்றால் தொட்டிக்கு அடியில் குழாய் வழியாக ராவும் பகலும் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு புளோயர். நாங்கள் காத்து மிஷின் என்போம்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தீப்பெட்டி ஆபீஸில் கொஞ்ச காலம், பிறகு மில்லில் இருபது வருஷம். மில்லை மூடிய பிறகு கிடைத்தது இந்த வேலை. கிடைத்த நாளிலிருந்தே போய்விடுமோ என்று பயம். மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சோற்றில் கை வைத்துக்கொண்டு, பெல்ட் எப்படி இருக்கிறதோ என்று யோசிப்பேன். “பேசாம அந்தத் தொட்டியவே கல்யாணம் கட்டியிருக்கலாம்லா நீங்க” என்பாள் வீட்டுக்காரி.

புரட்டாசியில் பாதிப்பேர் கறி தின்ன மாட்டார்கள். கோழி வரத்துக் குறைந்து, தண்ணீரும் குறைந்து, பூச்சி அரைப்பட்டினியாகக் கிடந்த நேரம். அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. தளம், கத்தி, தராசு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். மேனேஜர் தேங்காய் உடைத்துவிட்டு, ஐஸ் ரூம் தவிர நாளை மறுநாள் காலை வரைக்கும் எந்த மிஷினும் ஓடக்கூடாது, எல்லாம் ஓய்வெடுக்கட்டும் என்றார். ஐஸ் ரூமுக்குள் கறி இருந்தது.

நான் காத்து மிஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்தேன். மாலை போட்ட மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. மில்லில் ஒரு வருஷம் அவசர ஆர்டர் என்று பூஜையன்றைக்கு மிஷினை ஓட்டி, கூட வேலை பார்த்தவருக்கு விரல் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். ரெண்டு நாள் கோழியும் கிடையாது, தண்ணீரும் வராது, பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இல்லை, அப்புறம் காற்று எதற்கு என்று மனசு சொன்னது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கும்பிட்டேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் கேவலம்தான், ஆனால் அதுதான் நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் கேட்டுக்கு வரும்போதே அழுகின முட்டை வாடை. எப்போதும் சுக்குக் காப்பி நிறத்தில் இருக்கிற தொட்டி கருப்பாகக் கிடந்தது. சுவிட்சைப் போட்டேன். அடியிலிருந்து கருஞ்சேறு பொங்கி மேலே வெள்ளை நுரை கட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. ரெண்டு நாள் காற்று ஊதினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவில்லை. லேப் பிள்ளை கண்ணாடி ஜாடியில் ஒரு லிட்டர் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்தது. மற்ற நாளில் வண்டல் அடியில் உட்கார்ந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அன்றைக்கு மேலும் கீழும் ஒரே கலங்கல். எங்கள் தண்ணீரை மாட்டுப்புல்லுக்குப் பாய்ச்சுகிற சம்சாரி, வாடை தாங்காமல் குழாயை அடைத்துவிட்டு வேலி தாண்டி வந்துவிட்டார். மேனேஜருக்கும் சொல்லியனுப்பினார்கள்.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி வந்தார். ஐப்பசி பிறந்தால் தீபாவளிக் கோழி, அதற்குள் தொட்டி தேறாவிட்டால் கோழி வெட்டுவதையே நிறுத்த வேண்டியதுதான் என்று அவருக்கு ஆத்திரம். பூஜைக் கழுவலில் யாரோ பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், அதுதான் பூச்சி செத்துப்போச்சு என்று முடிவு கட்டி, கழுவுகிற அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த அக்கா மறைக்கவே இல்லை. பூஜையாச்சே என்று ஒரு வாளி கூடத்தான் கலந்தேன் என்று அதுவாகவே ஒத்துக்கொண்டது. கணக்கை முடித்துத் தருகிறேன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டது:

“இன்னைக்கு அரை நாள் கூலி உண்டா சார்?”

அதில் கோபமோ அழுகையோ இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகள் நர்சிங் படிக்கிறாள், ஃபீஸ் கட்ட வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு எவன் வேலை தருவான். இதெல்லாம் ஒரு சுற்று மனசுக்குள் ஓடியது. பேசாமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் ஓடியது. அக்கா திரும்பி நாலு எட்டு நடந்துவிட்டது.

“அந்த அக்கா மேல தப்பில்ல சார். காத்து மிஷின நான்தான் ரெண்டு நாளு நிப்பாட்டிப் போட்டேன்.”

“எதுக்குண்ணே?” என்றது லேப் பிள்ளை.

“ஆயுத பூஜைலா.”

முதலில் சிரித்தது சம்சாரிதான். “அப்போ நீரும் ரெண்டு நாளு மூச்ச விடாமத்தான் இருந்தீராக்கும்?” என்றார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. “ஐஸ் ரூம ஓடவிட்டோம்லா, அதப் பாத்தும் தெரியலையாவே ஒமக்கு?”

கறி கெட்டுப்போகும் என்று தெரியும், பூச்சியும் கெட்டுப்போகும் என்று தோன்றவில்லை என்றேன். கருப்பும் வாடையும் காற்று இல்லாமல் வந்ததுதான், ஒரு வாளி பிளீச்சிங்கால் இப்படி ஆகாது என்று லேப் பிள்ளை எடுத்துச் சொன்னது. எந்த மிஷினும் ஓடக்கூடாதுன்னு சொன்னது நீருதானே என்று சம்சாரி மேனேஜரையும் ஒரு குத்துக் குத்தினார். அதனாலோ என்னவோ, மேனேஜர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அக்காவை வேலைக்குப் போகச் சொன்னார்.

அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது நின்றது. “அரை நாளு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அரை நாள் இல்லை, ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

பிறகு வேலைதான். கருப்புத் தண்ணீரில் பாதியை இறைத்து வேறு குழியில் விட்டோம். தூரத்தில் இன்னொரு கம்பெனியின் தொட்டியிலிருந்து உயிருள்ள வண்டலை ஒரு டேங்கர் லாரியில் கொண்டுவந்தோம். வழியில் லாரி ரிப்பேராகி நின்றுவிட்டால் அந்தப் பூச்சியும் செத்துப்போகுமே என்று, வண்டி வந்து சேரும்வரை கேட்டிலேயே நின்றேன். பூச்சி பெருகட்டும் என்று தொட்டியில் கரைக்கச் சம்சாரி ஒரு டிராக்டர் சாணி கொடுத்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். கோழித் தண்ணீரை நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். காலையும் சாயங்காலமும் ஜாடி. ஒன்பதாம் நாள் வண்டல் அடியில் உட்கார்ந்து மேலே நாலு விரல் தண்ணீர் தெளிந்தது. லேப் பிள்ளைக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டலைச் சும்மா கொடுத்துவிட்டார்கள். லாரி வாடகையும் டீசலும் பதினெட்டாயிரம். அது உம்ம பேரில்தான் என்றார் மேனேஜர், நானும் சரி என்றேன். வேலையை விட்டு நிறுத்தாததற்கு அது அதிகமில்லை. மாசம் ஆயிரத்து ஐந்நூறு சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஏழு மாசம் பிடித்தாயிற்று. இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.