தொப்பி எடுக்கத் திரும்பி வந்தவன்

தாய்லாந்தில் பாக் நாம் போ என்ற ஊரின் சந்தைத் தெருச் சினிமாக் கொட்டகை வாசலில் சுட்ட கணவாய் விற்றுக்கொண்டிருந்தவள் சவீவன். அவள் கூவுகிற கூவலில் உள்ளே படத்துக்குக் குரல் கொடுக்க முடியவில்லை என்று சண்டை போட வெளியே வந்தவன்தான் பிரயோங். வந்தவன் சண்டை போடவில்லை. "இந்தத் தொண்டையைக் கணவாய்க்குப் போய் வீணாக்குறியே, உள்ள வா" என்று இழுத்துப்போய் மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டான். மறு வருஷமே கல்யாணம்.

வெளிநாட்டுப் படத்தின் பேச்சு அந்த ஊரில் எவனுக்குப் புரியும்? சத்தத்தை அடக்கிவிட்டு, ஆண் குரலெல்லாம் பிரயோங், பெண் குரலெல்லாம் சவீவன் என்று திரையைப் பார்த்தபடி ஊர் பாஷையில் அங்கேயே பேசுவார்கள். அதிலும் திகில் படம் என்றால் பிரயோங்கை அடிக்க ஆளே கிடையாது.

"கொலைகாரன் திடீர்னு குதிச்சா ஒரு அலறல், அவ்வளவுதான், அடங்கிடும்" என்பான் அவளிடம். "கட்டிலுக்கு அடியில பாம்பு இருக்குன்னு ஜனத்துக்கு முதல்லயே காட்டிடணும். படுத்திருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. அவன் பாட்டுக்குக் கொட்டாவி விடணும். அப்பதான் பார்க்கிறவனுக்கு வயித்தைப் பிசையும்."

அந்த வாரப் படத்திலும் அப்படி ஓர் இடம். வில்லன் கார் பிரேக்கை அறுத்துவிட்டதைக் கொட்டகை முழுக்கப் பார்த்தாயிற்று. ஒன்றும் அறியாத கதாநாயகன் பெண்டாட்டியிடம் விடைபெறுகிறான், போகிறான், மறந்த தொப்பியை எடுக்கத் திரும்பி வருகிறான். பிரயோங் வேண்டுமென்றே அங்கே ஊர்க்கதையெல்லாம் பேசுவான். "டேய், வண்டியில ஏறாதடா பாவி!" என்று ஜனம் கத்தும். பெண்டாட்டிக்காரி முதுகைக் காட்டி நிற்பாள். உதடு தெரியாவிட்டால் குரல் கொடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம், எதை வேண்டுமானாலும் பேசலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், பல மாதமாய்க் கரகரத்த பிரயோங்கின் தொண்டையைக் காட்ட இருவரும் டாக்டரிடம் போயிருந்தார்கள். டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னார். "புத்துநோய். திங்கக்கிழமை பாங்காக்ல அறுத்து எடுக்கணும். குரல் போயிடும். அப்படியும் உசிர் நிக்குமான்னு தெரியாது. அவர்கிட்ட மூச்சு விடாதீங்க, மனசு உடைஞ்சிடுவார்." நல்ல நியாயம்! தொண்டை அவனுடையது, சேதி மட்டும் அவளுக்கு.

"என்னவாம்?" என்றான் வெளியே ஐஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன்.

"சின்னப் புண்ணாம். பாங்காக்ல மருந்து வைப்பாங்களாம்."

"அவ்வளவுதானே! அடுத்த மாசப் படத்துல ஏழு குரல் எனக்கு. கிழவன் குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று தெரு முழுக்கக் கிழவனாய் இருமிக்கொண்டே வந்தான்.

பாம்பு இருப்பது தெரிந்தவள் சவீவன், கொட்டாவி விடுகிறவன் அவன். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கண் விழிக்கும்போது குரல் இருக்காது. கடைசியாய்ப் பேசுகிறோம் என்று தெரியாமலே பேசி முடித்திருப்பான். சொன்னாலோ, டாக்டர் சொன்ன மாதிரி உடைந்துபோனால்?

மதியக் காட்சியில் அந்த இடம் வந்தது. திரையில் பெண்டாட்டிக்காரியின் முதுகு.

"போகாதீங்க" என்றாள் சவீவன்.

இது படத்தில் இல்லாத பேச்சு. காட்சி ஓடும்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்காத பிரயோங் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கன்னமெல்லாம் ஈரம். திரையில் கதாநாயகன் குரலில்லாமல் வாயசைத்துவிட்டுப் போனான், தொப்பிக்காகத் திரும்பி வந்தான்.

"உனக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்றான் பிரயோங் மைக்கில்.

"காலையிலதான் சொன்னாங்க. சின்னப் புண் இல்லீங்க."

அவன் கை தொண்டைக்குப் போயிற்று. "குரலா, உசிரா?"

"குரல் நிச்சயம். மத்தது தெரியலைன்னுட்டாங்க."

திரையில் கதாநாயகன் தொப்பியை எடுத்துக்கொண்டான். "நல்லவேளை, சொன்னே" என்றான் பிரயோங். கார் கிளம்பியது. முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

படம் முடிந்ததும், எல்லாம் நடிப்பென்று நம்பிய கொட்டகை முதலாளி ஓடிவந்தார். "அண்ணே, பிரமாதம்! ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதையே பேசுங்க!"

சவீவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயைக் கழுவுங்க" என்று எழுந்தாள். பிரயோங் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நீ சொல்லு சவி. குரல் இருக்கிற வரைக்கும் நான் பதில் பேசுறேன்."

ஞாயிறு கடைசிக் காட்சியில் தொப்பியை எடுத்தாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, காரும் போய்விட்டது. திரையில் வெறும் சாலை. பேச அங்கே உதடே இல்லை. பிரயோங் நிறுத்தவில்லை. "மழை வந்தா பின் ஜன்னலைச் சாத்து. பூனைக்கு மீன் வை. நான் இல்லைன்னு கொட்டகையை விட்டுடாதே, உன் தொண்டை கணவாய்க்குப் பொறந்ததில்ல. சவி, கேக்குதா?"

"கேக்குதுங்க. பேசுங்க" என்றாள் அவள்.