காரை விட்டுவிட்டுப் பேருந்தில் போனதன் விளைவு

விடுமுறைக்குப் போகிறோம் என்று காட்டில் புகை விடுவானேன்? காரை வீட்டில் விட்டுவிட்டு, இன்று தக்கலையிலிருந்து பேருந்தில் குலசேகரம் போனேன், தனியாக. ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு தங்கும் விடுதி.

அதை நடத்தும் அக்கா வாசலிலேயே கேட்டார், "காரு எங்க மக்கா?"

"வீட்டுல நிக்கு. புகை வேண்டாம்னுதான் பஸ்ல வந்தேன்."

என் பையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்கார சாருகூட சண்டையா?"

இல்லை என்றேன்.

"எல்லா வீட்டுலயும் உள்ளதுதான், விடு" என்று பால் விடாத கட்டஞ்சாயா தந்தார். பிறகு உள்ளே போய், அறை பதிவுசெய்த எண்ணுக்குப் பேசினார். அது என் கணவருடைய எண்.

மதியத்துக்குள் கணவர் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே இன்னொரு காரில், சமாதானம் பேச என் அண்ணனும் மதினியும்.

"ஏட்டி, எதுன்னாலும் எங்ககிட்ட சொல்லப்பிடாதா?" என்றார் அண்ணன்.

கணவரோடு சமாதானமாக இருந்துகொண்டே பேருந்தில் போக வழி தெரிந்தவர்கள் சொல்லவும்.