வடம் சுற்றிய இடைவேளை

மருமகளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் சீசன் வேலை, லீவு கிடைக்காது. அதனால் பேரனுடைய பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான்தான் போனேன். கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக் கூட்டிப் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடைவேளையில் தனியாக நிற்கிற பிள்ளைகளுக்கென்று மைதானத்தில் மஞ்சள் பெஞ்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை அதில் போய் உட்கார்ந்தால், விளையாடுகிற பிள்ளைகள் வந்து கூட்டிப்போக வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. எங்கள் காலத்தில் வகுப்புக்குள்ளேயே பெஞ்சு கிடையாது. ஆனாலும் எங்களுக்கும் ஒன்று நடந்தது.

அப்போது சாத்தூர்ப் பக்கம் குடியிருந்தோம். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவோம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள். காலையில் ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் பச்சை நிற்கும். இடைவேளையில் பெண்பிள்ளைகள் கைகோத்து வட்டம் சுற்றுவார்கள். என் கையைப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

"அவளத் தொட்டா ஒட்டிக்கிரும்டி" என்று மளிகைக் கடைக்காரர் மகள் ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் எல்லோரும் அதைப் பாட்டாகவே பாடினார்கள். பெட்டி ஒட்டுகிற எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சுவரோரம் நின்று பார்ப்போம். திரும்ப மணி அடித்தால்தான் நிம்மதி.

இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன், உன்னோடு பெட்டி ஒட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் ஒரு கை கூடினால் நல்லதுதான். கேட்டுக்கொண்டிருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், "ஒரு நா பொறு தாயி" என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் இடைவேளையில் மாமா பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். தோளில் மலைப்பாம்பு மாதிரி கமலை வடம். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற வடம் அது. கிணறு வற்றினதிலிருந்து தொழுவத்தில் தொங்கிக் கிடந்தது. என் மணிக்கட்டைவிடப் பருமன்.

டீச்சர் சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, இங்கன தண்ணி எறைக்கப் போறீகளா?"

"பிள்ளைக கயிறு தாண்டட்டும் டீச்சர்."

"இம்புட்டுக் கனத்தப் பிள்ளைக எப்படிச் சுத்துங்க? ஒரு முனைய வேம்புல கட்டிருவமா?"

"கட்டாதீக. வேம்பு என்னத்தச் சுத்தும்?"

மாமா வேட்டியை மடித்துக்கொண்டு ஓரமாகக் குந்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைக்காரர் மகளும் அவள் கூட்டமும் முனைகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். வடம் படுத்தே கிடந்தது. வியர்த்துப்போய் நின்றவள் சுவரோரம் பார்த்தாள்.

"ஏட்டி, வேடிக்கை பாத்தது போதும். வந்து பிடி."

"எங்கையில துத்தம் இருக்கு" என்றேன்.

"இருந்தா இருக்கட்டும். அவளுகளையும் கூப்பிடு."

இந்த முனையில் நாலு பேர், அந்த முனையில் நாலு பேர். வடம் முதலில் புரண்டது. பிறகு மண்ணை விட்டு எழுந்தது. எழுந்து எங்கள் தலைக்கு மேலே, பள்ளிக்கூடத்து ஓட்டுக்கும் மேலே போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. வானத்தில் வளைந்து கொஞ்சம் நின்று, புழுதி பறக்கத் தரையில் அறைந்தது. அந்த அதிர்வு உள்ளங்கை வழியாக நெஞ்சுக்குள் வந்தது. அம்மாடி, அவ்வளவு பெரிய காரியம் எதிலும் நான் அதுவரை கை வைத்ததில்லை.

ஒருத்தி உள்ளே ஓடித் தாண்டினாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். பையன்கள் பம்பரத்தை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். டீச்சரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தாண்டு தாண்டினார். கை ஓய்ந்தவர்கள் தாண்டப் போனார்கள், தாண்டினவர்கள் சுற்ற வந்தார்கள். எனக்கு முன்னால் யார் கை, பின்னால் யார் கை என்று யாரும் பார்க்கவில்லை. மணி அடித்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "எம்புட்டுக் கனம் தெரியுமாம்மா? அவளுகளால முடியல. நாங்க போயித்தான் எந்திரிச்சுச்சு. நாளைக்கும் போகணும்."

"பெட்டி ஒட்ட வரலையா?" என்றாள் அம்மா.

"இவ போகலேன்னா வடத்த யாரு தூக்குறது?" என்றார் மாமா. முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் நம்பிவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே எனக்குத்தான் வலு அதிகம், அதனால்தான் கூப்பிட்டார்கள். அந்த வலு ஒரே நாளில் குறைந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கும்பா கம்பங்கூழ் கேட்டு வாங்கிக் குடித்தேன். மாமா வெங்காயத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.