நாலு பேர் பிடிக்கிற நிழல்

ஞாயிற்றுக்கிழமை காலை இறால் ஷெட்டில் இருந்தேன். ஐஸில் கை வைத்து உரித்துக்கொண்டிருந்தபோது, ஆணியில் மாட்டியிருந்த பையில் போன் அடித்தது. அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் போன் வராது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். குணா அக்காவின் மகன் பாபு. "சித்தி, அம்மா பூட்ச்சு" என்றான். அவ்வளவுதான். விரலெல்லாம் மரத்துப் போயிருந்ததால் போன் கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லாதான் குனிந்து எடுத்து என் முகத்தைப் பார்த்தாள். எதிரே மரகதம் பாதி உரித்த இறாலோடு அப்படியே நின்றாள். அக்காவோடு சேர்த்து நாங்கள் நாலு பேரும் ஒரே மேஜைக்காரிகள். மூச்சு முட்டுகிறது என்று முந்தின நாள்தான் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாளில் மேஜைக்கு வந்துவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

படத்திறப்புக்கு ஏதாவது எழுதிக் கொடு சித்தி என்று பாபு கேட்டான். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். பேச எழுந்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவிலும் காசிமேட்டு ஷெட்டிலும் அக்காவை அறியாதவர்கள் கிடையாது. உங்களுக்குத் தெரிந்ததையே நான் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் முழு நாள் லீவு கிடைப்பது காணும் பொங்கல் அன்றைக்குத்தான். மற்ற ஞாயிறெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான் கை காயும். காணும் பொங்கலுக்கு ரயில் ஏறி எண்ணூர் கடற்கரைக்குப் போவோம். புளிச்சோறு, கருவாட்டுத் தொக்கு, ஒரு பாய். போன காணும் பொங்கலுக்கும் போனோம். மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே அக்கா பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். சர்க்கரையும் பிரஷரும் இருந்த உடம்பு. நாங்கள் இருந்த இடத்தில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வலை பின்னிக்கொண்டிருந்த காத்திவாக்கத்து ஆட்கள் ஓடிவந்து, கையில் இருந்த வலையையே நாலு பக்கமும் தூக்கிப் பிடித்தார்கள். வலையில் என்ன நிழல் விழும்? கட்டம் கட்டமாக வெயில் அக்காவின் முகத்தில் விழுந்தது. கண் திறந்ததும் அக்கா கேட்ட முதல் வார்த்தை, "இன்னாடி, என்னிய மீனுன்னு நென்ச்சிக்கினாங்களா?"

நாங்கள் சிரித்தோம். பாபு சிரிக்கவில்லை. இனிமேல் பீச்சு என்று வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். வெயிலில் நிற்கக்கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அக்கா மாதக்கணக்கில் அவனோடு மல்லுக்கட்டினார். "வருசம் பூரா ஐஸுல கை வெக்கிறவ, ஒரு நாளு கடல்ல கால வெக்கக் கூடாதாடா?" என்று ஒருநாள் கேட்டார். "நெழல் இருந்தா போ" என்றான். எண்ணூரில் நிழலுக்கு எங்கே போவார்கள் என்ற தைரியத்தில் சொன்னது அது. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊரில் இல்லாத நிழலைக் கையோடு கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

நாலு பேரும் பாரிமுனைக்குப் போனோம். தார்ப்பாய், குடை எல்லாம் விற்கிற கடை. தெற்கத்திப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு பெரிய குடையைக் காட்டினார். ஒரு குச்சியை மணலில் நட்டால் போதும் என்றார். அக்கா கடை வாசலில் அதை நட்டுவைக்கச் சொல்லி, அதன் கீழே குந்திப் பார்த்தார். "வெயிலு நவுர நவுர நெழலு பின்னாலியே நவுந்துகினு இருந்தா எப்பதான் சோறு துன்றது? கடக் காத்துக்கு இது பறந்து பூடும்" என்றார். அடுத்து, உதறினால் தானாக விரிந்துகொள்ளும் கூடாரம் ஒன்றை அண்ணாச்சி எடுத்துப் போட்டார். மூன்று பக்கமும் மூடியிருந்தது. அக்கா தலையை உள்ளே விட்டு உடனே வெளியே எடுத்தார். "இது இன்னா அண்ணாச்சி, கொசுவலையா? உள்ள பூந்தா இட்லி மாரி வெந்துருவோம்."

"இதுன்னா ஒத்த ஆளா விரிச்சிக்கிடலாம் தாயி, யாரு தயவும் வேண்டாம்" என்றார் அவர்.

"ஒத்த ஆளு விரிச்சா ஒத்த ஆளாத்தான் குந்திகினு இருக்கணும்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாக ஒரு மடக்குப் பந்தலைக் கொண்டுவந்தார். நாலு இரும்புக் கால், மேலே துணி, சுற்றிலும் திறப்பு. "ஆனா இதுக்கு நாலு ஆளு வேணும்மா. காலுக்கு ஒரு ஆளு நின்னு ஒண்ணுபோலத் தூக்கணும். ஒருத்தர் விட்டாலும் கோணிக்கிடும்" என்று முன்கூட்டியே சொன்னார். அக்கா எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அத்தான் வோணும். எட்து வெய்யி."

அதோடு விடவில்லை. துணியை மட்டும் பிரிக்கச் சொல்லி நடைபாதை வெயிலுக்குக் கொண்டுபோனார். என்னையும் மரகதத்தையும் விரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழே தன் கையை நீட்டினார். தரையில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. "துணிக்குக் கீயயும் என் கை நெழலு உழுது பாரு. அப்ப வெயிலு உள்ள வருது. இது வோணாம்" என்றார். தடித்த துணியில் இரண்டே நிறம்தான் இருந்தது. வெள்ளையை அண்ணாச்சி எடுத்ததும் அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார். "வெள்ள எனக்கு இப்பவே எதுக்கு? மஞ்சா குடு." சக்கரம் வைத்த பை இருக்கிறது என்றார் அவர். மணலில் எந்தச் சக்கரம் ஓடும் என்று கேட்டு, தோளில் மாட்டுகிற பையை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்பி வந்த பிறகுதான் சரி என்றார். கூடக் கொடுத்த ஆணிகளும் மணலில் நிற்காது என்று, அரிசிச் சாக்கைக் கிழித்து நாலு பை தைத்தார். எண்ணூர் போனதும் மணலை நிரப்பிக் காலுக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

விரித்துப் பழகவேண்டுமே என்று அந்த ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டு வாசலிலேயே இறக்கினோம். "ஒண்ணா தூக்கு, கால வுடாத!" என்று அவர் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு கத்த, கதவுப் பக்கத்துக் காலை நான் தூக்க, மஞ்சள் துணி தெருவை அடைத்துக்கொண்டு எழுந்து நின்றது. கால்களுக்குச் செங்கல் வைத்தோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் திடீரென்று பந்தல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோடி வீட்டுப் பச்சையம்மா மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ குணா, பூட்டியாடி!" என்று ஓடிவந்தாள். உள்ளே நாற்காலியில் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாடி, குந்து. கத்திகினே வந்த, தொண்ட காஞ்சிருக்கும். டீ குடி" என்றார். பச்சையம்மா திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியது அல்ல.

அப்புறம் ஞாயிறு தவறாமல் பந்தல் ஏறியது. தெருவே அதற்கு எண்ணூர் பீச்சு என்று பெயர் வைத்துவிட்டது. ஆட்டோக்காரர் செல்வம் கடந்து போகும்போதெல்லாம், "இன்னாக்கா, அலை வந்துச்சா?" என்று கேட்பார். "வந்துகினே கீதுபா, பேண்ட்ட தூக்கிக்கோ" என்பார் அக்கா. நிழலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, காணும் பொங்கலுக்கு இன்னும் எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அதற்குள் போன் வந்த அந்த ஞாயிறு வந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுக்க மத்தியானம் ஆகும் என்றார்கள். கல்யாண முகூர்த்த நாள், ஷாமியானாக்காரரிடம் ஒரு துணிகூட மிச்சமில்லை. சொந்தக்காரர்கள் வெயிலில் வந்து நின்றார்கள். ஸ்டெல்லாதான், "மஞ்சாவ எடுடி" என்றாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்தோம். தூக்கினோம். நாலாவது மூலை எழவில்லை. மறுபடி தூக்கினோம். துணி அந்தப் பக்கம் சரிந்து தரையைத் தொட்டது. அண்ணாச்சி சொன்னது சரிதான். கத்துவதற்கும் ஆள் இல்லை. கோணலான பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் செல்வம் ஆட்டோவில் வந்தார். வழக்கம்போல, "இன்னா, இன்னிக்கி காலைலயே பீச்சு தொறந்தாச்சா? அலை எங்கக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், காலியாக இருந்த நாலாவது காலைப் பார்த்தார். ஆட்டோவை நடுத் தெருவிலேயே விட்டு இறங்கி வந்து, அதைப் பிடித்தார். பந்தல் ஏறியது. செங்கல் தேடும்போது யாரோ அக்கா தைத்த சாக்குப் பைகளை எடுத்து, பக்கத்தில் வீடு கட்டுகிற மணலை அள்ளிப் போடலாமே என்றார்கள். மரகதம் பிடுங்கிக்கொண்டாள். "அது எண்ணூர் மணலுக்குத் தச்சது" என்றாள்.

செல்வத்தோடு முடியவில்லை. உடம்பு வரும் வரைக்கும், தெருவில் வந்தவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள். பந்தல், நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பச்சையம்மாகூட, "இன்னிக்கி நான் ஏமாற மாட்டேன்டி, டீ எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொருவர் சிரிப்பையும் நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது. கடைசியில் தாங்கமாட்டாமல் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டேன், வாயைத் திறக்கும் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று. சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்பார்கள். ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் அக்கா புதிதாகச் செத்தார்.

பெட்டியில் வைத்தபோது மஞ்சள் துணி வழியாக வந்த வெளிச்சம் அக்கா முகத்தில் படிந்திருந்தது. மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவர் போல இருந்தார். நான் பெட்டிக்கு மேல் என் கையை நீட்டிப் பார்த்தேன். நிழல் விழவில்லை. நல்ல துணியாகத்தான் எடுத்திருக்கிறார்.

பந்தலைப் பாபு என்னிடமே கொடுத்துவிட்டான். கதவுக்குப் பின்னால் நிற்கிறது. காணும் பொங்கல் வருகிறதே, என்ன செய்யலாம் என்று ஸ்டெல்லா கேட்கிறாள். நாலாவது காலுக்கு நான் வருகிறேன் என்று செல்வம் சொல்லி அனுப்பினார். போனால் அக்காவை விட்டுவிட்டுப் போனது போல இருக்கிறது. போகாவிட்டால் அவர் ஆசைப்பட்டு வாங்கியது தெருவோடு நின்றுபோனது போல இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பையும், மணல் படாத நாலு சாக்கும், "கால வுடாத" என்கிற அந்தச் சத்தமும். நாலு காலையும் பிடிக்க என்னால் முடியாது. கதவுப் பக்கத்துக் கால் என்னுடையது. அதை நான் விடமாட்டேன், அக்கா.