மைனஸ் எட்டு

எங்கள் வீட்டு டிஜிட்டல் பியானோ எப்போது போட்டாலும் மைனஸ் எட்டில்தான் கண் விழிக்கும். சின்னத் திரையில் முதலில் அந்த எண் வரும், பிறகுதான் மற்றதெல்லாம். இடையில் மாற்றி வாசித்திருந்தாலும் சரி, கரண்ட் போய் வந்தாலும் சரி, மறுபடி போட்டால் அதே மைனஸ் எட்டு. அப்படி அதைப் பழக்கி வைத்தது நான்தான். அப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் தங்கை போன பிறகு அந்த எண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பியானோவை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். மலை சுற்றும் பாதைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது கட்டில், மிக்சி, சைக்கிள் என்று எல்லாவற்றையும் விற்றாள். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஃபிரிட்ஜ் அப்படி வந்ததுதான். தங்கை தையல் மெஷின் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பும்போது குட்டி யானை வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், பின்னால் பியானோ. நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "பஜனையில ஆர்மோனியம் வாசிக்கிறவதானே நீ, இதையும் வாசி. நான் பாடறேன்" என்றாள்.

ஆர்மோனியத்தில் ஒரே வெள்ளைக் கட்டையில் ச என்று பழகிய கை எனக்கு. ச வேறு இடத்துக்குப் போனால் விரல்கள் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கும். பியானோவில் அந்தத் தொல்லை இல்லை. டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான். அதை அமுக்கி எண்ணைக் குறைத்தால், நான் அதே இடத்தில் வாசிக்க, சத்தம் மட்டும் பாடுகிறவரின் சுருதிக்கு இறங்கி வரும். முறையாகப் படித்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவள். எனக்கு ஒரு எண் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளிவிடுவேன். தங்கையின் சுருதி ஐந்தரைக் கட்டை. பியானோ கணக்கில் மைனஸ் நான்கு.

அந்த எண்ணோடு நன்றாகத்தான் இருந்தோம், அவள் நுரையீரலில் நோய் வரும்வரை.

"அக்கா, கொஞ்சம் கம்மி பண்ணு, மூச்சு பத்தல" என்று ஒரு நாள் சொன்னாள். மைனஸ் ஐந்து வைத்தேன். வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்களில் அது ஆறானது, ஏழானது. டாக்டர்கள் "இம்ப்ரூவ்மென்ட் தெரியுது" என்றபோதெல்லாம் நான் நம்பவில்லை. பியானோ சொன்னதைத்தான் நம்பினேன். மைனஸ் எட்டு வந்தபோது அவள் சிரித்தாள். "இன்னும் எறங்குனா பாதாளத்துலதான் கச்சேரி" என்றாள். நானும் சிரித்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அப்போதெல்லாம் பியானோ ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். எட்டுவரை இறக்க, பொத்தானை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே போக வேண்டும். அவள் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் குரல் எவ்வளவு இறங்கிவிட்டது என்று தினமும் அவளுக்கே ஒருமுறை சொல்லிக் காட்டுவது போல இருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் கையேட்டைப் புரட்டி, தொடக்க அமைப்பைச் சேமித்து வைக்கும் வழியைக் கண்டுபிடித்தேன். அதன்பின் டிக் டிக் இல்லை. போட்டதும் அவள் சுருதியில் வந்து நின்றது. அவள் அதைக் கவனித்தாள்.

கட்டிலோடு ஆன பிறகு, பியானோவின் பெடலைக் கட்டிலோரம் இழுத்துப் போடச் சொன்னாள். காலால் அமுக்கும் சின்னப் பெடல், அதை அமுக்கினால் கையை எடுத்த பிறகும் சுரம் கொஞ்ச நேரம் நின்று மெல்ல அடங்கும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பேன். அவள் எனக்குப் பின்னால் படுத்தபடி ஒரு காலை மட்டும் கீழே தொங்கவிட்டு, ஒவ்வொரு வரி முடிவிலும் அமுக்குவாள். "எனக்கும் ஒரு வேலை வேணும் இல்ல" என்பாள். பாட முடியாத நாட்களில்கூட அந்தக் கால் வேலை செய்தது.

அவள் போன பிறகு பியானோ மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். கட்டிலை எடுக்க மனசு வரவில்லை, பெடலையும் எடுக்கவில்லை. தங்கை மகள் என்னோடுதான் இருந்தாள். மூன்றாம் வகுப்பு. அவள் அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவார். நானும் குழந்தையும் ஒருவரோடு ஒருவர் மெதுவாகப் பேசிக்கொண்டு அந்த வீட்டில் வாழ்ந்தோம், யாரோ தூங்குகிற வீட்டில் நடப்பது போல.

ஒரு சாயங்காலம் நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உள்ளே என் தங்கை பாடினாள். "இதோ வரேண்டி" என்று பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கை நின்றது. போய்ப் பார்த்தால் குழந்தை போர்வையை எடுத்துவிட்டு, பியானோவில் ச வை ஒரு விரலால் அமுக்கியபடி அந்தச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தாள். சின்னக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வந்த குரலோ என் தங்கையின் கடைசி மாதத்துக் குரல். அதே காற்று கலந்த அடிக்குரல், அதே இடத்தில் மூச்சு. நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன், கண்ணை மூடிக்கொண்டு. அன்று பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அதுவே தினப்படி ஆனது. நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டு கொலுவில் பாடச் சொன்னார்கள். குழந்தை அந்த அடிக்குரலில் ஆரம்பித்ததும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அவங்கம்மாவே வந்து ஒக்காந்த மாதிரி இருக்குதுங்க" என்று ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரமே குழந்தைக்குத் தொண்டை கட்டியது. பேசினால் வெறும் காற்று வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே வீங்கியிருக்கிறது என்றார். "இந்த வயசுல ஏம்மா இவ்ளோ கீழ பாட விடறீங்க? இப்படியே போனா கொரலே கெட்டுடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

தொண்டை தேறிய பிறகு சுருதியை ஏற்றி வைத்தேன். குழந்தை வாயைத் திறக்கவில்லை. "அம்மா சுருதி வை பெரிம்மா" என்றாள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். தாய் இல்லாத பிள்ளையிடம் அந்தக் குரலையும் பிடுங்குவதா என்று விட்டுக் கொடுத்தேன்.

அப்போதுதான் பியானோ கெட்டது. சுரங்கள் அடங்க மறுத்தன. கையை எடுத்தாலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்த சுரம், அதற்கடுத்த சுரம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அறை முழுக்க முனகும். வரி முடியும் இடத்தில், சுரம் நிற்க வேண்டிய இடத்தில், யாரோ வாயைப் பொத்தியது போல் சட்டென்று அடங்கும். இத்தனையும் எனக்குப் பின்னால் குழந்தை பாடும்போது மட்டும்தான். காலையில் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் வேலைக்குக் கிளம்பும் முன் தனியாகப் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

வேலூரில் கீபோர்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவருக்குப் போன் போட்டேன். "பெடல் ஒயரைப் புடுங்கிட்டுப் பாத்தீங்களா மேடம்?" என்றார்.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம்தான் இப்படிப் பண்ணுது."

"சாயங்காலம் மட்டும் வர்ற ரிப்பேரை நான் பாத்தது இல்லையே. ஈரம் ஜாஸ்தியா இருக்கும். இல்லன்னா வோல்டேஜ் கம்மியா இருக்கும். எதுக்கும் ஃபேக்டரி ரீசெட் போட்டுடுங்க. உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சு புதுசாயிடும்."

"அழிக்கிறதுக்கு உங்களை எதுக்குக் கூப்பிடணும்?" என்று போனை வைத்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வகுப்பில் எவளாவது சாமி வந்தது, காற்று பட்டது என்று ஆரம்பித்தால் வாய்ப்பாடு எழுத வைப்பேன். ஆனாலும் அந்த நாட்களில், வாசிக்கும்போது பிடரியில் ஒரு பார்வை படுவது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்திருக்கிறாள் என்றால் திரும்பினால் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் வரட்டும் என்றும் நினைத்தேன். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாளோ என்று தோன்றிய அன்றுதான் பாதி வரியில் வாசிப்பை நிறுத்தினேன்.

மறுநாள் விடுமுறை. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். உலகத்து மொழி எல்லாம் இருந்தது, தமிழைத் தவிர. ஆங்கிலத்தில் பெடலைப் பற்றிய பகுதியின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. மின்சாரம் போடும் நேரத்தில் பெடல்மேல் கால் இருந்தால் அதன் வேலை தலைகீழாகிவிடும், அமுக்கினால் அடங்கும், விட்டால் ஒலிக்கும், காலை எடுத்துவிட்டு அணைத்துப் போடவும். யார் கால் என்று அதில் எழுதவில்லை.

பியானோவை நான் கதவோரம் இருக்கும் சுவர் ஸ்விட்சில்தான் போடுவது வழக்கம். போட்டுவிட்டு நேராகப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அன்று சாயங்காலம் ஸ்விட்சில் விரலை வைத்தேன். அமுக்காமல் தலையைத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தேன்.

குழந்தை அதில் மல்லாந்து படுத்திருந்தாள், விட்டத்தைப் பார்த்தபடி. ஒரு கால் மட்டும் கீழே. எட்டாததால் கட்டில் விளிம்புவரை சரிந்து, பெருவிரலால் பெடலை அமுக்கியிருந்தாள். என் தங்கை படுத்திருந்த அதே படுக்கை. ஒரு கணம் என் கண்ணுக்குக் குழந்தை தெரியவே இல்லை.

"அங்க இன்னாடி பண்ற?" என்றேன்.

"அம்மா இப்படித்தானே படுத்துக்கும்."

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "டாக்டர் இன்னா சொன்னாரு? கீழ பாடுனா தொண்டை போயிடும்னாரு இல்ல? அப்புறமும் எதுக்கு அம்மா சுருதி, அம்மா மாதிரி காலு?"

"அப்பதான் நீ சாப்புடுற பெரிம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா மாதிரி பாடுன அன்னிக்கு சாப்புடுற. பாடலன்னா தட்டுல கோலம் போட்டுட்டு எழுந்துடுற. நீயும் அம்மா மாதிரி எளைச்சுக்கினே போற."

அவளுக்காகத்தான் அந்த எண்ணை விட்டு வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவள் எனக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் செத்துப்போனவளைப் பிடித்து வைத்திருந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பியானோவில் கோளாறு இல்லை. காலை எடுத்துவிட்டுப் போட்டால் போதும், சரியாகிவிடும். மைனஸ் எட்டின் மேலேயே வேறு எண்ணைச் சேமித்திருக்கவும் முடியும். எனக்கு அது போதவில்லை. அடிக் கட்டையையும் உச்சிக் கட்டையையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு மின்சாரம் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று கையேட்டில் இருந்தது. குழந்தையை ஸ்விட்சிடம் நிற்க வைத்துவிட்டு, நான் இரண்டு கையையும் விரித்து இரண்டு முனையையும் அமுக்கினேன்.

"அம்மா சுருதி போயிடுமா?"

"போயிடும்."

"வேணும்னா மறுபடி வெக்கலாமா?"

"வெக்கலாம். நாமதான் வெக்கணும். அதுவா வராது."

அவள் யோசித்தாள். ஸ்விட்சைப் போட்டாள். திரையில் பூஜ்யம் வந்தது.

பூஜ்யத்தில் பாடிப் பார்த்தாள், மேலே போகும்போது கீச்சென்றது. நான் பொத்தானை அமுக்கினேன். டிக். இன்னும் ஒரு டிக். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கை தானாக இறங்கிக்கொண்டே போகப் பார்த்தது. மைனஸ் மூன்றில் நிறுத்திப் பிடித்தேன். ஆறு கட்டை. குழந்தை பாடினாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கணீரென்று ஒரு குரல் வந்தது. அது எனக்குத் தெரியாத குரல். அதில் என் தங்கை இருக்கிறாளா என்று ஒவ்வொரு வரியிலும் தேடினேன். எங்கேயும் இல்லை. அவள் போய் மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு அவள் போனது அந்தச் சாயங்காலம்தான்.

பாடி முடித்த குழந்தை பியானோவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

"பசிக்குதுடி, தோசை ஊத்தட்டுமா?" என்றேன்.

எதிரில் உட்கார்ந்து, தன் தட்டைத் தொடாமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விள்ளலும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. மூன்று தோசையையும் முழுதாகச் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.