கருப்பில் ஒரு வரவேற்பு

என் மகள் தன் கல்யாண வரவேற்பைக் கருப்பில் நடத்தப்போவதாகச் சொன்னபோது, நான் என் பனியன் கம்பெனியில் தைத்து முடித்த டி-ஷர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெங்களூரில் ஆடை வடிவமைப்பாளர். படங்களை அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"பாதி ரஸ்டிக் வெஸ்டர்னுங்கப்பா, பாதி கோதிக்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு."

சொன்னாள். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தென்னந்தோப்பில் மேடை. உட்கார வைக்கோல் கட்டுகள், மரப் பீப்பாய்கள், லாந்தர்கள், தோல் பூட்ஸும் தொப்பியுமாக மாப்பிள்ளை. அது மேற்கத்தியப் பண்ணைப் பாணி. நுழைவாயிலில் பழைய தேவாலயங்களில் இருப்பது போல உச்சி கூர்ந்த வளைவு, இரும்புத் தண்டுகளில் மெழுகுவத்தி, கருப்புத் திரைகள், அவளுக்குக் கருப்பு லேஸ் வைத்த கவுன். அது கோதிக். காலை முகூர்த்தம் நம் முறைப்படி எல்லாச் சீரோடும் நடக்கட்டும், சாயங்காலம் மட்டும் எங்கள் இஷ்டம் என்றாள். மாப்பிள்ளைக்கும் சம்மதமாம்.

என் மனைவி படங்களைப் பார்த்துவிட்டு போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "கருப்புத் துணி, மெழுகுவத்தி. இது கல்யாணமுங்களா, எழவுங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ளை ஊட்டுல மொதல்ல கேளுங்க. அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா அவிநாசியில் இருக்கிறார். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் விட்டுப்போன, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டைத் தனி ஆளாக நடத்தி மகனைப் படிக்க வைத்தவர். துக்கத்தின் நிறத்தை அவர் மகனின் கல்யாணத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் முறை போனபோது பத்திரிகை பற்றிப் பேசினேன். டீ குடித்தேன். திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன், முதல் முறையே கேட்ட கேள்வி அது. வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்தி, மறுபடி போகலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு வீட்டுக்கே வந்தேன்.

சும்மா உட்காரவும் முடியவில்லை. யார் சம்மதமும் கிடைக்காமலேயே திரைத் துணியைச் சாயம் போடக் கொடுத்தேன். வந்த துணி டியூப் லைட்டில் கருப்பாக இருந்தது, வெயிலில் பச்சை அடித்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்த லாட் சிவப்பு அடித்தது. "ஏனுங்க, பந்தலுக்குக் கட்டறதுதானுங்களே?" என்று சாயப்பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டார். அதையும் திருப்பினேன்.

மூன்றாம் முறை அவிநாசிக்குப் போனபோது சம்பந்தியம்மா டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு தடவ வந்தீங்க. கேக்க வந்தத கேக்காமயே போனீங்க. எங்க பக்கம் ஏதாச்சும் கொறைங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

மகள் அனுப்பிய படங்களைத் திறந்து போனை நீட்டினேன். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"இதுல சீரு ஏதாச்சும் இருக்குங்களா?"

"இல்லீங்க. அதெல்லாம் காலையிலயே முடிஞ்சிருமுங்க."

"ஆரத்தி?"

"அதுவும் இல்லீங்க."

போனைத் திருப்பித் தந்தார். "அப்ப நான் பையன் கூட மேடைக்கு வரலாமுங்களா?"

எனக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. எங்கள் பக்கத்தில் சீர்களைச் சுமங்கலிகள்தான் செய்வார்கள். கணவனை இழந்தவர், பெற்ற தாயே ஆனாலும், பின்னால்தான் நிற்பார். நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது இவர் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார். நான் பார்த்தேன். அதில் தவறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"வரணுமுங்க" என்றேன். "நீங்கதான் மொதல்ல வரணும்."

"கருப்பப் பத்தி நீங்க ரோசன பண்ணாதீங்க. ஆராச்சும் கேட்டா நான் சொல்லிக்கறனுங்க."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி உள்ளே போனாள். பிறகு வந்து, கருப்புக்கு நடுவில் எந்த நிறச் சேலை எடுபடும் என்று கேட்டாள்.

கல்யாணத்தன்று காலை, முகூர்த்தத்தில், சம்பந்தியம்மா மண்டபத்தின் கடைசித் தூணுக்கு அருகில் நின்றார். கூப்பிட வேண்டும் என்று முந்தின நாளிலிருந்தே நினைத்திருந்தேன். பத்து எட்டு எடுத்து வைத்தால் போதும். பங்காளிகள் சுற்றி நின்றார்கள். கால் எழவில்லை. தாலி கட்டி முடிந்துவிட்டது.

சாயங்காலம் தோப்பில் காற்று ஓயவே இல்லை. மெழுகுவத்திகளை ஏற்ற ஏற்ற அணைத்தது. என் மச்சான், "மாட்டுக்குப் போடறதுல உக்காரச் சொல்றீங்களா?" என்று வெகுநேரம் நின்றுவிட்டு, கால் வலித்ததும் வைக்கோலில்தான் உட்கார்ந்தார். சம்பந்தியம்மா அரக்குப் பட்டில், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, கருப்புத் திரைகளுக்கு நடுவே வந்தார். மேடையேறியவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை. வந்த ஒவ்வொருவரும் அவரைக் கும்பிட்ட பிறகுதான் மணமக்களிடம் போனார்கள்.

மறுநாள் அவரை வழியனுப்பப் போனபோது சொன்னேன். "காலையில உங்களக் கூப்பிட்டிருக்கோணுமுங்க."

கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டனுங்கண்ணா" என்றார். பிறகு, "ஆனாலும் கூப்பிட்டிருக்கலாமுங்க."