தொட்டிக்குள் பாடிய பாட்டு

தியாகராய நகரில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகளே அதிகம். அங்கே நாங்கள் குடிபோன புதிதில், கொல்லையில் கான்கிரீட் தளம் போட்டு மூடிய தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தார். கான்கிரீட் பாறை மாதிரி, ஒரு சொட்டு இறங்காது என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னார்.

முதல் மழைக்கே இறங்கிவிட்டது. தளத்தின்மேல் கிடந்த காக்கை எச்சமும் சருகும் ஊறிய தண்ணீர் உள்ளே சொட்டியது தெரியாமல் நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம். தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டு நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தான். அவன் எழுந்து உட்கார்ந்த அன்று அப்பா சொன்ன முதல் வார்த்தை, தொட்டியை இடித்துவிடலாம் என்பதுதான். மாமா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் அவரே மயிலாப்பூரிலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தார். தாடி நரைத்த, கனத்த உடம்புக்காரரான பாய். தளம் முழுக்கத் தார் பூசுவதற்கு முன், ஒழுகும் இடங்களைக் கண்டுபிடித்துக் கொத்தி அடைக்க வேண்டும் என்றார். தொட்டியைக் காலிசெய்து, மூடியை இரண்டு நாள் திறந்துபோட்டார். பிறகு தளத்தில் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கினார். யாராவது உள்ளே போய், எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் குப்பை விழக்கூடாது என்று தொட்டியின் வாயைக் குறுக்கி இரும்புச் சட்டம் பதிக்கச் சொன்னவரும் மாமாவே. தம்பியை விட்டால், அதில் நுழையக்கூடிய உடம்பு வீட்டில் என்னுடையது ஒன்றுதான். எனக்கு ஒன்பது வயது.

"ஒண்ணு இப்பத்தான் பொழைச்சு எழுந்திருக்கு. இன்னொண்ணை அதுக்குள்ள எறக்கணுமா?" என்றாள் அம்மா.

மேஸ்திரி அவசரப்படவில்லை. எரியும் லாந்தரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி, வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம், "கவுறு என் கையில கீதும்மா. நான் உடமாட்டேன்" என்றார். அம்மா என் பாவாடையைத் தூக்கிச் செருகிவிட்டாள்.

இடுப்பிலும் தோளிலும் கயிற்றைக் கட்டி என்னை இறக்கினார். "பாப்பா, ஒரு பாட்டு பாடிக்கினே இரு. நிறுத்தக் கூடாது."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. பாட்டு வாத்தியார் என் குரலை ஒரே நாள் கேட்டுவிட்டு, அக்காவுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லிப் போயிருந்தார். தொட்டிக்குள்ளோ என் குரல் நாலு சுவரிலும் மோதி, கச்சேரி போலத் திரும்பிவந்தது. கோலாட்டப் பாட்டு ஒன்றைப் பாடியபடி சொட்டுகளைத் தேடினேன். மேலே மேஸ்திரி ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி, மறுகையில் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் சொட்டுக்கு நேரே வந்ததும், "இங்கேதான்" என்று பாட்டின் நடுவிலேயே கத்துவேன். இப்படி மூன்று இடம் அகப்பட்டது.

மூன்றாவது இடத்தைச் சொன்ன பிறகு பாட்டின் அடுத்த அடி மறந்துபோனது. யோசித்துக்கொண்டு நின்றேன்.

கயிறு வெடுக்கென்று இழுத்தது. முழங்கை சட்டத்தில் சிராய்க்க, வெளியே வந்து விழுந்தேன். மேஸ்திரியின் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா பாட்ட நிறுத்தின?"

அடி மறந்துவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுக்க வெகுநேரமாயிற்று.

விரிசல்களைக் கொத்திச் சிமெண்டு கலவை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்தபின் தாரைக் காய்ச்சி ஊற்றி மணல் தூவினார்கள். அந்த ஐப்பசி முழுக்க மழை கொட்டியும் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. தம்பி தேறினான். அப்பா மாமாவோடு பழையபடி பேசினார்.

எனக்குக் குழந்தைகள் பிறந்த பிறகு ஒருநாள் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். வெகுநாள் மூடிக்கிடந்த தொட்டிக்குள் இரண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள். உள்ளே நல்ல காற்று இல்லை. மேலே இருந்தவர் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. பேப்பரை மடித்துவைத்துவிட்டு, பெயர்கூடக் கேட்டுவைக்காத அந்த மனிதரை நினைத்துக் கைகூப்பினேன்.

அந்த ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. என் பாட்டைக் கடைசிவரை கேட்க ஆசைப்பட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்றும், பாதியில் நிறுத்தி அவரை அழவைத்துவிட்டேன் என்றும் நினைத்திருந்தேன்.